கூர் மட்டும் போதாது

கூராக இருந்தால் வெட்டும், மழுங்கினால் வெட்டாது. வெட்டும் கருவிகளைப் பற்றி நம்மில் பலரும் அறிந்தது இவ்வளவே. லேத் பட்டறையில் கால் வைக்கும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கோவையில் என் அத்தா சிறியதொரு பட்டறை நடத்தி வந்தார்கள். இருந்தது ஒரே ஒரு லேத். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அவர்களிடம் தொழில் பழகச் சேர்ந்தேன்.

லேத்தில் உலோகத்தைச் செதுக்கும் உளியை டூல் என்போம். பார்வைக்குச் சுண்டுவிரல் பருமனுள்ள சதுரக் கம்பி. டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகை உரிய வெப்பத்தில் பதப்படுத்தினால், முனை மங்கலாய்ச் சிவக்கும் சூட்டிலும் அது உறுதி குன்றாமல் வெட்டும் என்பதை அமெரிக்கரான டெய்லரும் வைட்டும் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகிற்குக் காட்டினர். அந்த வழியில் வந்ததே எங்கள் ஹைஸ்பீடு ஸ்டீல். அதைச் சாணைக்கல்லில் பிடித்து முனை அமைப்பதே தொழிலின் முதற்பாடம்.

ஒருநாள் அத்தாவுக்குக் காய்ச்சல். வாடிக்கையாளர் ஒருவர் தாமே பித்தளைத் தண்டு கொடுத்து, 20 புஷ்கள் கேட்டிருந்தார். எஃகு கடைந்த அதே டூலை இன்னும் கூராகத் தீட்டி மாட்டினேன். அதன் மேல்முகம் நன்கு பின்சரிந்திருந்தது. எஃகை அது சுருள் சுருளாக உரிக்கும். பித்தளையிலோ, தொட்ட மாத்திரத்தில் உள்ளே பாய்ந்தது. பெரும் ஓசையுடன் முனை ஒடிந்தது. தண்டும் வளைந்து பாழாயிற்று. அதன் விலை எங்கள் வீட்டின் ஒரு வாரச் செலவு.

உண்மையை வாடிக்கையாளரிடம் நானே போய்ச் சொன்னேன். புதிய தண்டுக்கு அத்தா பணம் கொடுத்தார்கள். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. வேறொரு டூலை எடுத்து, அதன் மேல்முகத்தைச் சரிவின்றிச் சமமாகத் தீட்டினார்கள்.

"பித்தளைக்குச் சரிவு ஆகாது தம்பி. டூல் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும், நம் கைக்கு அடங்காது" என்றார்கள்.

பின்னர் விளிம்பின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்கள். அது 8 பாகை அளவு உள்வாங்கியிருந்தது. "இந்த இடம் விலகி நின்றால்தான் விளிம்பு வெட்டும். விலகாவிட்டால் வெறுமனே உராய்ந்து சூடேறும்."

முனையைத் தண்டின் நடுமையத்திற்கு நேராக வைத்து மெல்ல நகர்த்தினார்கள். பொற்பொடியாய்ப் பித்தளை தெறித்தது.

இன்று என் மகன், ஆயத்தமாக வரும் கார்பைடு வில்லையைத் திருகி மாட்டிவிடுகிறான். சாணைக்கு வேலை குறைந்துவிட்டது. ஆயினும் எந்த உலோகத்திற்கு எந்த வில்லை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு குறையவில்லை.

கடிந்துகொள்ள முழு உரிமை இருந்த அன்று அத்தா சற்றே விலகி நின்றார்கள். அதனாலேயே அந்தப் பாடம் இத்தனை ஆழமாக என்னுள் பதிந்தது என்று இப்போது எண்ணுகிறேன்.