பலவற்றை ஒன்றாக்கும்போது எது அழிகிறது?



ஒரு மாணவனுக்கு ஆறு பாடங்கள், ஆறு ஆசிரியர்கள், ஆறு பதிவுகள். இவற்றை ஒரே பதிவாக்கித் தரும் சிறு நிரல் ஒன்றை அண்மையில் எழுதினேன். அப்பணி கற்பித்ததை இங்குப் பகிர விழைகிறேன்.

சார்பு நிரலாக்கத்தில் இவ்வாறு ஒன்றாக்குவதை 'ஃபோல்ட்' என்பர், மடித்தல் எனலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2009-ஆம் ஆண்டுத் தரத்தில் 'ரெடியூஸ்' என்னும் பெயரில் இது சேர்ந்தது. முறை எளியது. ஒரு வெற்றுப் பதிவோடு தொடங்க வேண்டும். முதல் பதிவை அதனுடன் சேர்க்க வேண்டும், வருவதனுடன் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும், இப்படியே இறுதிவரை.

அந்த வெற்றுப் பதிவு வீணானதன்று. கூட்டலில் சுழியம் எப்படியோ, இங்கு அஃது அப்படி. பட்டியல் காலியாக இருந்து, தொடக்க மதிப்பும் தரப்படாவிட்டால், ரெடியூஸ் பிழை காட்டி நின்றுவிடும். வெற்றுப் பதிவைத் தந்திருந்தால் அதுவே விடையாகும்.

மதிப்பெண்களை இணைப்பதில் இடரில்லை. ஒவ்வொரு பாடத்திற்கும் தனிப்பெயர் உண்டு. ஆனால், 'குறிப்பு' என்னும் புலம் ஆறு பதிவுகளிலும் இருக்கிறதே! ஜாவாஸ்கிரிப்ட்டின் 'ஆப்ஜெக்ட்.அசைன்' பின்வந்ததை வைத்துக்கொண்டு முன்னதை அழிக்கும். ஹாஸ்கெல் மொழியில் இரண்டு 'மேப்'களை இணைக்கும் 'யூனியன்' முன்வந்ததை வைத்துக்கொண்டு பின்னதைத் தள்ளும். இரண்டிலும் எச்சரிக்கை ஏதும் வாராது.

எண்ணிப் பாருங்கள். தமிழாசிரியர், "வாய்விட்டுப் படிக்கத் தயங்குகிறான்" என்று எழுதுகிறார். அறிவியல் ஆசிரியர், "வெண்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறான்" என்கிறார். உடற்கல்வி ஆசிரியர், "ஆர்வமாக விளையாடுகிறான்" என்று முடிக்கிறார். இறுதிக் குறிப்பு மட்டும் வீடு சேர்ந்தால், பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும் என்பதைப் பெற்றோர் எவ்வாறு அறிவர்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடியிருக்கிறது. ஆசிரியரின் ஒரு வரியும் இன்று எடை மிக்கது.

ஹாஸ்கெலில் 'யூனியன்வித்' என்று மற்றொன்று உண்டு. இரு மதிப்புகள் மோதினால் என்ன செய்வது என்னும் விதியை நாமே அதனிடம் கொடுக்கலாம். அவ்வெண்ணத்தையே என் நிரலில் புலத்துக்குப் புலம் வகுத்துக்கொண்டேன். குறிப்புகள் எனில், ஆசிரியரின் பாடப்பெயரோடு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். புறப்பாட நடவடிக்கை நேரம் எனில், கூட்ட வேண்டும். பிறந்தநாள் வேறுபட்டால், நிரல் தானே முடிவெடுக்காமல் நின்று ஆசிரியரைக் கேட்க வேண்டும்.

இணைப்பது கணினியின் வேலை. எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்பதை முடிவு செய்வது நம் வேலை. ஆசிரியர்களே, பதிவுகளை இணைக்கும் எந்தச் செயலியையும் ஏற்குமுன், ஒரே புலத்தில் இரு செய்திகளை இட்டுச் சோதித்துப் பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் அறிக்கையில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தால், மற்ற ஆசிரியர்கள் என்ன எழுதினர் என்று தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்