திருகிப் பார்த்த மண்

நான்கு தகடுகள், கூட்டல் குறி வடிவில். உயரம் விட்டத்தைப் போல் இரு மடங்கு. களிமண்ணின் பலத்தை அளக்கும் வேன் ஷியர் கருவியின் முனை இவ்வளவுதான்.

துளையின் அடிமட்டத்திலேயே சோதிக்கக் கூடாது. அங்கே மண் ஏற்கெனவே கலங்கியிருக்கும். இன்னும் கீழே, தொடாத களிமண்ணுக்குள் இறக்க வேண்டும்.

பிறகு திருகல். நிமிடத்துக்கு 6 பாகை. கடிகாரத்தின் நிமிட முள்ளுக்கும் இதே வேகம்.

அவசரப்பட்டால் களிமண் இல்லாத பலத்தைக் காட்டும்.

தகடுகளுக்கிடையே சிக்கிய மண் உடைவதில்லை, கூடவே சுற்றுகிறது. அறுபடுவது அதைச் சூழ்ந்த உருளைப் பரப்பு.

எதிர்ப்பில் 7-இல் 6 பங்கு அந்த உருளையின் பக்கத்திலிருந்து. மேல் முகமும் கீழ் முகமும் சேர்ந்து 1 பங்கு. பெரும்பாலும் செங்குத்துப் பரப்பின் பலம். சரிவுகள் செங்குத்தாகவா வழுக்குகின்றன?

முனையைத் திருப்பும் கம்பியின் உராய்வும் அளந்த எண்ணுக்குள் புகுந்துவிடும். கழிக்க வேண்டும்.

ஒரு சிப்பி ஓடு. ஒரு வேர். எண் எகிறும்.

மணலில் ஆகாது. திருகும்போதே நீர் வடிந்துவிடும்.

உச்ச எண் கிடைத்தபின் வேகமாகப் பல சுற்று. மண் குலையட்டும். மறுபடி மெதுவாக. இரண்டாவது எண்.

முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உணர்திறன். மெல்லிய களிமண்ணில் இரண்டாவது எண் இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

நார்வேயின் 'குயிக்' களிமண். உணர்திறன் 30-க்கு மேல். குலைந்தால் திரவமாக ஓடும்.

நார்வேயின் ரிஸ்ஸா, 1978 ஏப்ரல் 29. பண்ணைக் கட்டட வேலையில் தோண்டிய மண், சுமார் 700 கனமீட்டர். ஏரிக்கரையில் கொட்டினார்கள். சரிந்தது 50, 60 லட்சம் கனமீட்டர். ஓர் உயிர் போனது. உள்ளூர்க்காரர்கள் எடுத்த படச்சுருள் இருக்கிறது. வீடுகள் நின்ற நிலையிலேயே மிதந்து போகின்றன.

கடலடியில் படிந்த களிமண் அது. பனிப்பாறை உருகிச் சுமை நீங்க, நிலம் மேலே எழுந்தது. நன்னீர் ஊறி ஊறி உப்பைக் கழுவியது. துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

லாவ்ரிட்ஸ் பியெரும். நார்வே மண்ணியல் பொறியியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். இடிந்துபோன கரைகளை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார். வேன் எண்படி அவை நின்றிருக்க வேண்டியவை. 1972-இல் திருத்தக் காரணி தந்தார். குழைவு கூடக் கூட எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி சில நிமிடங்களில் உடைக்கிறது. கரை வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கழுவிப்போன உப்புக்கு ஈடாக, நார்வேயில் கிணறுகள் இறக்கி, பொட்டாசியம் குளோரைடு நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். உப்பு களிமண்ணுக்குள் மெல்லப் பரவுகிறது. முதல் எண்ணைவிட இரண்டாவதுதான் அதிகம் ஏறுகிறது.