கிணறுகளின் ஊர் வஜீர்

ஆப்பிரிக்க வரைபடம் கைவசம் இருந்தால் சற்று விரித்துப் பாருங்கள். கென்யாவின் வடகிழக்கில், எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் ஒட்டிய வறண்ட நிலத்தில் வஜீர் என்றோர் ஊர் தென்படும். நான் அங்குச் சென்றவனல்லன். படித்தறிந்ததைக் கொண்டே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

முட்புதர் படர்ந்த வெளி. சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய ஆழமற்ற கிணறுகள். அவற்றைத் தேடி வரும் ஒட்டகங்களும் ஆடுகளும். சோமாலி முஸ்லிம் குலத்தாரின் வாழ்வு இக்கிணறுகளைச் சுற்றியே அமைந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் கடலோ ஏரியோ இல்லாத இவ்வூரில் ‘அரச படகுச் சங்கம்’ ஒன்று வைத்திருந்தனராம். தண்ணீருக்குத் தவிக்கும் மண்ணில் அவர்களுக்கு அப்படியொரு வேடிக்கை!

விடுதலைக்குப் பின்னும் வஜீருக்கு நிம்மதி வாய்க்கவில்லை. 1963 முதல் 1967 வரை ஷிஃப்தா போர். அதையொட்டி வந்த நெருக்கடி நிலைச் சட்டம் 1991 வரை நீடித்தது. 1984 பிப்ரவரியில் அருகிலுள்ள வகல்லா விமான ஓடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் தெகோதியா குல ஆண்களை அடைத்து வைத்துக் கொன்றனர். மாண்டோர் 57 பேர் என்றது அரசு. மற்றையோர் கூறும் கணக்கு அதைப்போலப் பன்மடங்கு. பிறகு கொடிய வறட்சி வந்தது. சோமாலிய அரசு 1991இல் வீழ்ந்ததும் துப்பாக்கிகள் எல்லை தாண்டின. 1992 முதல் அஜுரான், தெகோதியா, ஒகாதேன் குலத்தார் ஒருவரையொருவர் கொன்று குவித்தனர். அனைவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

அவ்வூரில் 1964இல் பிறந்தவர் தெகா இப்ராஹீம் அப்தி. துப்பாக்கிச் சூடு நடந்த ஓரிரவில் தம் குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்து கிடந்தார். விடிந்ததும் அவர்தம் தாயார், ஷிஃப்தா போர்க் காலத்தில் தாமும் மகளைத் தூக்கிக்கொண்டு அவ்வாறே ஒளிந்திருந்ததை நினைவுகூர்ந்தார். தம் மகளும் நாளை தன் பிள்ளையோடு அங்கேதான் ஒளிய வேண்டுமா? தெகாவை உலுக்கிய கேள்வி இதுவே.

1993இல் ஒரு திருமண வீட்டில் கூடிய பெண்கள் சிலர் இதைப் பேசத் தொடங்கினர். அவர்கள் முதலில் சென்ற இடம் அரசு அலுவலகமன்று, சந்தை. எக்குலத்துப் பெண்ணும் அங்கு அச்சமின்றி விற்கவும் வாங்கவும் வேண்டுமென்று முடிவு செய்து, தாங்களே முறைவைத்துக் கண்காணித்தனர். பிறகே குல மூப்பர்களை நாடினர். பெருங்குலத்தார் எவர் பேசினாலும் மற்றவர் ஐயுறுவர் என்பதால் சிறு குலத்து மூப்பரொருவரை முன்னிறுத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் அல்-ஃபத்தாஹ் பிரகடனம் உருவாயிற்று. 1995இல் அம்முயற்சி மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்த சமாதானக் குழுவாயிற்று. ஒட்டகம் களவு போனாலும் ஒருவர் கொலையுண்டாலும், பழிவாங்கல் தொடங்குமுன் மூப்பரும் ஆலிமும் பெண்களும் பாதுகாப்பு அதிகாரிகளும் ஒரே வண்டியில் அவ்விடத்துக்கு விரைவார்கள். அமைதி காத்த கிராமத் தலைவர்களுக்கு ஆண்டுவிழாவில் பரிசும் உண்டு. வகல்லாவை மறவாத மக்கள் அரசு அதிகாரியின் அருகே அமர இசைந்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இதெல்லாம் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. மூப்பர்களும் காவலர்களும் பயிற்சி பெற்றனர். தெகா பிற நாடுகளிலும் பயிற்சியளித்தார். 2000இல் வெளிவந்த பயிற்சி நூலொன்றின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். அதில் ‘சண்டை மரம்’ என்றொரு முறை உண்டு. வேரில் காரணங்கள், தண்டில் மூலச் சிக்கல், கிளைகளில் விளைவுகள் என்று இரு தரப்பாரும் கூடி எழுத வேண்டும். சூரா ஹுஜுராத்தை நாம் ஓதுகிறோம், ஓதிக்கொடுக்கிறோம். பகைத்த இருவரை எப்படி இணக்குவது என்பதை எந்த மதரஸாவில் பாடமாக வைத்தோம்?

2007இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் தேர்தல் கலவரம் வெடித்தபோது நாடு தழுவிய சமாதான முயற்சியில் முன்நின்றார். 2011இல் சாலை விபத்தால் மறைந்தார், இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வஜீரின் சண்டை முற்றிலும் தீர்ந்ததாக எண்ணிவிடாதீர்கள். 2014இல் காரே, தெகோதியா குலத்தாரிடையே மீண்டும் மோதல் மூண்டு, பல்லாயிரவர் வீடிழந்தனர்.

எங்கள் மஹல்லாவிலும் வக்ஃபு கடை வாடகையால் இரு குடும்பத்தார் ஒன்பதாண்டுகளாக ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. அவர்தம் பிள்ளைகள் என் வகுப்பில் ஒரே பாயில் அமர மறுக்கிறார்கள். ஒருநாள் அந்த மரத்தை வரைந்து பார்த்தேன். வேரில் வாடகை வரவில்லை. ஒரு மய்யித்துக்குச் சொல்லியனுப்பாத பழைய மனக்குறைதான் வந்தது. அத்தாளை முத்தவல்லியிடம் கொடுக்கப் புறப்பட்டவனை என் இல்லத்தார் தடுத்தார்.

“அதற்கு முன் அந்த இரு வீட்டுப் பெண்களிடமும் நான் பேசிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் நிக்காஹ் வீட்டில் இருவரும் வருவார்கள்” என்றார்.

தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன்.