சாப்பிடேல்லைத்தானே, பிறகேன் ஊசி?

எங்கட வீட்டில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம். அம்மம்மாவுக்கும் எனக்கும். அம்மம்மாவுக்கு எழுபத்தாறு வயது, அவருக்குக் குளிசை. எனக்கு இருபத்திரண்டு, எனக்கு ஊசி. அம்மம்மாவுடையது டைப் 2. என்னுடையது டைப் 1. பதின்மூன்று வயதில் என் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன் மூன்று நேரமும் குறுகிய நேரம் வேலை செய்கிற இன்சுலின், இரவு படுக்க முன் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் என்று ஒரு நாளைக்கு நாலு ஊசி. இரண்டும் வேறு வேறு வருத்தம் என்றாலும் ஊரில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவில், சப்பறத்தன்று காலை எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. மத்தியானத்துக்குள் இரண்டு தரம் சத்தி. சோறு இறங்கவில்லை. அம்மா மல்லித்தண்ணி அவித்துத் தந்தார். அம்மம்மா விபூதி பூசிவிட்டார். பின்னேரம் சுகர் பார்த்தேன், 286. இரவு நீண்ட நேர ஊசியை எடுக்க எழும்பினபோது அம்மா கையைப் பிடித்தார்.

“சாப்பிடேல்லைத்தானே பிள்ளை, பிறகேன் ஊசி? லோ ஆகிப் போயிடுவாய்.”

286 என்ற எண்ணை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்தோம். ஆனாலும் பயம் மற்றப் பக்கம்தான் இருந்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பதினைந்து வயதில் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் டியூசனுக்கு ஓடி, வகுப்புக்குள் மயங்கி விழுந்தவள் நான். வேர்வையில் நனைந்து கிடந்த என்னைத் தூக்க வந்தது அம்மாதான். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: சாப்பாடு இல்லையென்றால் ஊசி இல்லை. சாப்பாட்டு ஊசிக்கு அது சரியான சட்டம். இரவு ஊசிக்கும் அதுதான் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஏழெட்டு வருடமாக அதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் கேள்வியே எங்களிடம் இருக்கவில்லை.

நான் ஊசி போடாமல் படுத்தேன்.

இரவு முழுக்கத் தாகம். குடிக்கிறதும் பாத்ரூமுக்கு ஓடுகிறதும் சத்தி எடுக்கிறதுமாகப் போனது. விடியப்புறம் வயிற்றுக்குள் முறுக்கின மாதிரி நோ. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது, ஓடி வந்து நின்ற ஆள் மாதிரி. ஆனால் நான் படுத்துத்தான் இருந்தேன். நாலரைக்கு மீற்றரில் எண் வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் வந்தது. எங்கட மீற்றர் 600க்கு மேல் எண்ணாது.

அன்று தேர். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள், வாகனம் உள்ளே வராது. எங்கட வீடு தடைக்கு உள்ளே. அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு வர, தடைக்கு வெளியில் ஓட்டோ நிற்கிற இடம்வரை உருட்டிக்கொண்டு போனார். வேட்டியும் சேலையுமாகச் சனம் முழுக்கக் கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கம். “அரோகரா” சத்தம் மாத்திரம் நினைவிருக்கிறது. மிச்சம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “ராத்திரி நீண்ட நேர இன்சுலின் போட்டனீங்களோ?” அம்மா சொன்னார், “இல்லை டொக்டர், பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை.”

சேலைன், நரம்பு வழியாக இன்சுலின், மணித்தியாலத்துக்கு ஒருக்கா விரலில் குத்து, பொட்டாசியம் பார்க்க அடிக்கடி இரத்தம். இரண்டாம் நாள்தான் நான் ஒழுங்காகக் கதைத்தேன். எனக்கு வந்ததன் பெயர் கீற்றோஅசிடோசிஸ். மூன்றாம் நாள் ஒரு இளம் டொக்டர் கட்டிலில் இருந்து என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினார். அதை என்னுடைய கலைப்பீட மொழியில் சொல்கிறேன்.

சாப்பிட்டால்தான் இரத்தத்தில் சீனி ஏறும் என்பது பாதி உண்மை. சாப்பிடாத நேரத்திலும் ஈரல் சீனியை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும். காய்ச்சல் வந்தால் கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் கூடும். வருத்தத்தோடு சண்டை பிடிக்கச் சக்தி வேண்டும் என்று அவை ஈரலை இன்னும் சீனி விடச் சொல்லும். அதே ஹோர்மோன்கள் இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கும். அதனால் வெறும் வயிற்றோடு படுத்திருந்தாலும் காய்ச்சல்காரருக்குச் சீனி ஏறும். பலருக்கு வழமையைவிடக் கூடுதலான இன்சுலின்தான் அந்த நாட்களில் தேவைப்படும்.

இன்சுலினே இல்லையென்றால் இரத்தம் முழுக்கச் சீனி இருந்தும் உடம்பால் அதை எடுக்க முடியாது. பட்டினி என்று நினைத்துக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். அதிலிருந்து வருவதுதான் கீற்றோன். அது கூடக்கூட இரத்தம் அமிலமாகும். அமிலத்தை வெளியேற்றத்தான் அந்த ஆழமான மூச்சு. சிலருக்கு மூச்சில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம் வரும். கூடின சீனி சலத்தோடு தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் தாகம். கீற்றோனே சத்தியையும் வயிற்று நோவையும் தரும். நாங்கள் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று நினைத்த சத்தியில் ஒரு பகுதி ஊசி போடாததால் வந்தது. சத்தி வந்ததால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் ஊசி போடவில்லை, ஊசி போடாததால் இன்னும் சத்தி. அந்த வட்டத்துக்குள் ஒரு இரவு முழுக்கச் சுத்தியிருக்கிறேன்.

டொக்டர் போன பிறகு அம்மா வெளி விறாந்தையில் போய் நின்று அழுதார். என்னால்தான் என்று அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார், “அப்பாவும் கடைசியில இப்பிடித்தான் மூச்சு வாங்கினவர்.”

அம்மாவின் அப்பாவும் ஊசி போட்டவர். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் போன பிறகு மண்முட்டிக்குள் ஈர மணல் போட்டு இன்சுலின் குப்பியை வைத்துப் பாதுகாத்தவர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமச் சனம் எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஈரத்துணியில் சுற்றின குப்பி அம்மம்மாவின் இடுப்பில் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. குப்பியில் மருந்து இருந்தது. சாப்பிடாத மனுசனுக்கு ஊசி போடப் பயந்து போடவில்லை. “இடம்பெயர்ந்த இடத்தில காய்ச்சல் வந்து செத்தவர்” என்றுதான் இவ்வளவு காலமும் எங்கட வீட்டில் சொல்வார்கள்.

அது காய்ச்சலா, மற்றதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அம்மம்மாவிடம் இதைக் கதைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் கதைக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசிப்பேன். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போன நாட்களில் அம்மா ஒரு பதற்றமும் இல்லாமல் முட்டியையும் மணலையும் எடுத்து என் இன்சுலினைக் காப்பாற்றினார். அந்த அறிவு அவருக்கு யுத்தத்தில் வந்தது. காய்ச்சல் நாளில் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு மட்டும் வரவில்லை, ஏனென்றால் அதைச் சொல்லித்தர வேண்டிய சாவை நாங்கள் வேறு பெயரில் எழுதி வைத்துவிட்டோம்.

வாட்டில் படுத்திருந்தபோது போனில் வாசித்தது இது. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் லெனார்ட் தொம்சன் என்ற பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் டைப் 1 வந்த பிள்ளைகளுக்கு இருந்த வைத்தியம், சாப்பாட்டை எலும்பு தெரியுமளவுக்குக் குறைத்துக் கொஞ்ச நாளைத் தள்ளிப்போடுவதுதான். தொம்சன் இன்சுலினோடு பதின்மூன்று வருடம் வாழ்ந்து 1935இல் இறந்தார். இறந்தது நிமோனியாவில். இன்சுலினால் பிழைத்த முதல் ஆளையும் கடைசியில் ஒரு தொற்றுநோய் நாள்தான் கொண்டுபோனது என்று வாசித்தபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வர முன் டொக்டரோடு இருந்து ஒரு பேப்பர் எழுதினோம். நல்லா இருக்கிற நாளில் எழுத வேண்டிய பேப்பர் அது. காய்ச்சல் தலைக்குள் இருக்கும்போது கணக்குப் பார்க்க ஏலாது. அதில் இருப்பது இதுதான்.

நீண்ட நேர இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். சுகர் குறைவாக இருந்தால் டொக்டரைக் கேட்டு அளவைக் குறைக்கலாம், விடக்கூடாது. இரண்டு தொடக்கம் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சுகர் பார்க்க வேண்டும், இரவிலும் எழும்பி. சுகர் 250க்கு மேல் நின்றால், அல்லது எவ்வளவாக இருந்தாலும் சத்தி வந்தால், கீற்றோன் பார்க்க வேண்டும். சலத்தில் பார்க்கிற ஸ்ட்ரிப் பார்மசியில் கேட்டால் கிடைக்கும், முதலே வாங்கி வைக்க வேண்டும். எந்த எண்ணுக்கு எத்தனை யுனிட் கூடப் போடுவது என்பதும் பேப்பரில் இருக்கிறது. அது என் உடம்புக்கான கணக்கு, அதனால் இங்கே எழுதவில்லை. உங்களுடையதை உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

குடிக்கிறது நிற்கக்கூடாது. ஒரேயடியாக இல்லாமல் மிடறு மிடறாக. சுகர் கூட என்றால் வெறுந்தண்ணி, சீனி போடாத மல்லித்தண்ணி. சுகர் இறங்கினால், சாப்பாடும் இறங்கவில்லை என்றால், இனிப்புச் சோடா, ஜீவனி, கஞ்சி. மல்லித்தண்ணியோடு கடிக்கிற பனங்கட்டி ஒரு நாள் நஞ்சு, இன்னொரு நாள் மருந்து. எது என்று மீற்றர் சொல்லும். சத்தி நிற்காமல் தண்ணியும் தங்கவில்லை, கீற்றோன் கூடுகிறது, மூச்சு ஆழமாகிறது, நித்திரைத் தூக்கமாகவே இருக்கிறது என்றால் யோசிக்கிறதுக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி. வழி இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கடைசி வரி அம்மம்மாவுக்கு. அவர் குடிக்கிற மெற்போமினைச் சத்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பில் தண்ணி வற்றும் நாட்களில் டொக்டரைக் கேட்டு இடைநிறுத்த வேண்டி வரலாம். அவருக்கு நிறுத்த வேண்டி வரும், எனக்கு நிறுத்தவே கூடாது. ஒரே வீட்டில், ஒரே பெயருள்ள வருத்தத்துக்கு.

பேப்பரைப் பிறிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “உள்ளுக்க அலுமாரியில ஒட்டு பிள்ளை, ஆக்கள் வந்து போற வீடு” என்றார். அவர் சொல்லாத மிச்சம் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது, படிப்பு முடியப்போகிறது, சாதகம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கம்பஸில் முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். கண்டீனில் சாப்பிட முன் பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுவிட்டு வருவேன். அங்கே மயங்கி விழுந்திருந்தால் எனக்கு என்ன என்று ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இப்போது இரண்டு சிநேகிதிகளுக்குப் பேப்பரின் போட்டோ அனுப்பி வைத்திருக்கிறேன்.

“அலுமாரிக்குள்ள இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர் தேடுறது?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் பார்த்தால் பேப்பர் அதே இடத்தில் இருந்தது, அதற்கு மேல் கோயில் கலண்டர் ஒன்று தொங்கியது. நானும் கழற்றவில்லை.

கார்த்திகை மழைக்குள் திரும்பவும் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை, வைரஸ் காய்ச்சல் என்றார்கள். நாலு நாள் சோறு இறங்கவில்லை. சுகர் இருநூறுக்கும் முன்னூறுக்கும் இடையில் ஏறி இறங்கியது, கீற்றோன் ஒரு நாள் கொஞ்சம் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் இரவு யாரோ விரலைப் பிடிக்கிற மாதிரி இருந்து முழித்தேன். அம்மா, ஒரு கையில் மீற்றர். என் விரலில் குத்தி, எண்ணைப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனார். கலண்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

“பிள்ளை, 240 எண்டால் எத்தனை யுனிட்? என்ர கண்ணுக்குத் தெரியேல்ல, கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்தானே.”