சாமி கயிறும் என் விசிலும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் என் குரல் கேட்காது. அந்த நேரத்தில் நான் விசில் ஊதிக்கொண்டிருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவசரமாகப் பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கினால், நண்பர் மோட்டாருடன் காத்திருப்பார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் காற்பந்துக்கு நான் நடுவர். கிடைக்கும் பணம் போக்குவரத்துக்கும் ஒரு ரொட்டி சானாய்க்கும் சரியாகிவிடும்.

பினால்டி கொடுத்தால்தான் சண்டை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வந்த சண்டைகளில் பாதி, பந்து உருளும் முன்பே வந்தவை. ஒருவன் ஷின் கார்டு போட்டிருக்க மாட்டான். இன்னொருவன் காதில் கடுக்கன். காற்பந்து விதி 4 இதில் தெளிவாக இருக்கிறது: மோதிரம், சங்கிலி, தோடு, வளையல், ரப்பர் பட்டை என எதுவும் கூடாது, டேப் சுற்றி மறைத்தாலும் செல்லாது. ஆனால் நம் பிள்ளைகளின் கையில் பத்துமலையில் கட்டிய கயிறு இருக்குமே! கழற்றச் சொன்னால் பையன் என்னைப் பார்ப்பதில்லை. திடலோரத்தில் குடை பிடித்து நிற்கும் அம்மாவைத்தான் பார்ப்பான்.

அன்றைக்கும் அப்படித்தான். சிவப்புக் கயிறு கட்டிய பையன், அணியின் நல்ல தற்காப்பு ஆட்டக்காரன். அவனுடைய கோச்சுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சம்பளமில்லாமல், சொந்த வேனில் பிள்ளைகளை ஏற்றி வருபவர்.

"தம்பி, இது நகையில்ல, சாமி கயிறு. அவங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. அம்மா கட்டிவிட்டது."

"விதி அப்படிண்ணே. கழட்டினாதான் இறங்கலாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் உங்க கூட்டாளி டீமுக்கு மட்டும் விட்டீங்களே? ரேடியோவுலதான் நியாயம் பேசுவீங்களா?"

உண்மைதான். போன மாதம் தூறல், ஆட்டம் தொடங்கத் தாமதம். அந்த அணியின் கோச் என் நிகழ்ச்சியை வாய் நிறையப் பாராட்டியிருந்தார். நானும் இரண்டு கயிறுகளைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அதை இவர் பார்த்திருக்கிறார்.

பயிற்றுநருக்கும் மஞ்சள் அட்டை காட்டலாம் என்று 2019இலேயே விதி வந்துவிட்டது. கை சட்டைப் பைக்குப் போனது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எது? கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"அன்னிக்கு விட்டது என் தப்புண்ணே. இன்னிக்கும் விட்டா ரெண்டு தப்பாயிடும்."

அவருக்கு அது போதவில்லை. பையனும் கழற்ற மறுத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். முதல் பாதியில், அவன் நிற்க வேண்டிய இடத்தின் வழியாகவே ஒரு கோல் விழுந்தது.

பெரிய நடுவர்களுக்கு வந்த சோதனைகள் வேறு. என் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத மெர்டேக்கா அரங்கில் 1975 மார்ச் 15 அன்று உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம். இந்தியாவின் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் மூலையில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் வாதாட, நம் நாட்டு நடுவர் ஜி. விஜயநாதன் கோல் என்றே நின்றார். இந்தியா 2-1 என வென்றது. அதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஆறுதல் வரவில்லை. அவர் கண்ணால் கண்டதற்காக நின்றார். நானோ கண்டதைக் காணாமல் விட்டுவிட்டு, அடுத்த முறை சட்டம் பேசுகிறேன்.

சின்ன விதிகளில் இதுதான் தொல்லை. கோல் காவலர் பந்தை ஆறு வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று வெகுகாலம் விதி இருந்தது, யாரும் ஊதுவதில்லை. கடைசியில் 2025இல் எட்டு வினாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர் என்று மாற்றினார்கள். எட்டு வினாடி வானொலி மௌனமாக இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்!

இடைவேளையில் அந்தப் பையனின் அம்மா பெஞ்சுக்கு வந்தார். என்ன பேசினார்களோ, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கயிற்றைக் கோச்சின் கையில் கட்டிவிட்டார். பையன் இறங்கினான். அதன் பிறகு கோல் விழவில்லை. ஆனால் விழுந்த அந்த ஒரு கோலில்தான் தோற்றார்கள். கோச் என்னிடம் கைகுலுக்காமல் வேனுக்குப் போய்விட்டார். ரயிலில் வீடு திரும்பும்வரை அந்தக் கோல்தான் கண்ணுக்குள்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் அதே அணி. நான் போவதற்குள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைகளை நீட்டச் சொல்லியிருந்தார் அவர். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்து வந்து, அந்தப் பையனிடம் மெதுவாகக் கேட்டேன், "அப்பா எப்படி இருக்காரு?"

"வீட்டுக்கு வந்துட்டாரு சார். கோச்தான் இன்னும் கயிறைத் திருப்பிக் குடுக்கல."