இடது கால் முதல்

கோணேசர் கோயில் படியில் ஏறும்போது இன்றைக்கும் என் இடது கால்தான் முதலில் போகிறது. நினைத்துச் செய்வதில்லை. ஏழு வருடப் பழக்கம், காலில் ஊறிக் கிடக்கிறது. "ஏறேக்கை நல்ல கால், இறங்கேக்கை நோக்கால்" என்று ஃபிசியோ மிஸ் சொல்லித் தந்தது. எனக்கு நோ வலது முழங்காலில். ஆகவே இடது காலை வைத்துத்தான் கோயிலுக்குள்ளும் நுழைய வேண்டும். அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். வலது காலை வை, வலது காலை வை என்று கேட்டே வளர்ந்தவ.

"சாமிக்கு என்ர முழங்கால் தெரியாதோ அம்மா?"

"சாமிக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதே."

முழங்கால் போன அந்தச் சத்தம் எனக்குத்தான் பெரிதாகக் கேட்டது. காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி, டப்பென்று. 2018 தை மாதம், கந்தோர்களுக்கிடையிலான வலைப்பந்தாட்டப் போட்டி. நான் சென்ரர். வயது முப்பத்து மூன்று, பயிற்சி சனிக்கிழமைகளில் மட்டும். வலைப்பந்தாட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. பந்தோடு இறங்கிய காலைத் தூக்கலாம், பந்தை விடும்வரை மறுபடி நிலத்தில் வைக்கக் கூடாது. ஓடி வந்த வேகம் முழுவதையும் அந்த ஒற்றைக் கால் விழுங்க வேண்டும். என் கால் சீமெந்துத் தரையில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் சுழன்றது. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அதைத்தான் பிறகு ஒருவரும் நம்பவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் "ஆர் பிள்ளை தள்ளினது?" என்றே கேட்டார்கள்.

முதலில் பார்த்தவர் சுளுக்கு என்று சொல்லிப் பூசுமருந்து தந்தார். மாமி முறிவு வைத்தியரிடம் போகச் சொன்னா. வீக்கம் வற்றி நடக்கத் தொடங்கிய பிறகு, கிணற்றடியில் திரும்பும்போது முழங்கால் தன்பாட்டுக்கு நழுவியது. அதன் பிறகுதான் ஸ்கேன். முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைக் கட்டி, சிலுவை மாதிரிக் குறுக்கே ஓடும் இரண்டு இணையங்களில் முன்னாலுள்ளது அறுந்திருந்தது. ஊரில் அதற்குச் சவ்வு என்றுதான் பெயர். "சவ்வு அறுந்துபோச்சாம்" என்று அம்மா தொலைபேசியில் பத்துப் பேருக்குச் சொன்னா.

சத்திரசிகிச்சை கண்டியில். திரும்பி வரும்போது ஹபரணைக் காட்டுப் பாதையின் ஒவ்வொரு குழியையும் முழங்கால் எண்ணிக்கொண்டு வந்தது.

பெரியப்பா துறைமுகத்தில் கப்பல் வடம் பிடித்தவர். அவர் வந்து கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, எதை வைத்துத் தைத்தது என்று கேட்டார். என் தொடையின் பின்பக்கத்து நாரையே எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்திருக்கிறது என்றேன். "அப்ப பின்னின வடம்" என்றார். "பின்னின வடம் முதல் நாள் பார்க்க வடிவாத்தான் இருக்கும். உடன பாரம் கட்டிப்போடாத."

அவருக்கு எப்படித் தெரிந்ததோ. புதிதாக வைத்த நார் உள்ளே முதலில் செத்துத்தான் போகிறதாம். பிறகு சுற்றியுள்ள இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் அதற்குள் ஊர்ந்து, அது மெல்ல மெல்ல இணையமாக மாறுகிறது. ஆறாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமைவரை அது மிக மெலிந்து இருக்கும் காலம். வீக்கம் வற்றி, நோ குறைந்து, "எனக்குச் சுகம்" என்று ஆள் துள்ளுவதும் அதே காலத்தில்தான். நான் ஸ்கூட்டித் திறப்பைத் தேடியது ஒன்பதாவது கிழமை. பெரியப்பா அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தொடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தையல் நாடாவால், முழங்கால் சில்லிலிருந்து பத்து சென்ரிமீற்றர் மேலே அளந்தோம். இடது 47, வலது 43. சில கிழமைக்குள் அவ்வளவு தசை எங்கே போனது? துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை நசுக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. நான் பல்லைக் கடிக்கிறேன், தொடை சும்மா கிடக்கிறது, வேறொருத்தியின் தொடை மாதிரி. மூட்டுக்குள் நீர் தேங்கி இருக்கும்வரை மூளை அந்தத் தசையை முழுதாக எழுப்பாதாம். நாலாம் நாள் தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று மீன்குஞ்சு போல ஒருதரம் துடித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் நின்றுவிட்டது.

கடல் வைகாசியில் கிடைத்தது. எங்கள் பக்கம் வாடைக் காலத்தில் கடலில் கால் வைக்க முடியாது. சித்திரைக்குப் பிறகு உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். விடியப் பஞ்சாபியோடு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடப்பேன். அந்த ஆழத்தில் உடம்புப் பாரத்தில் பாதியைத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். வலை இழுக்கிற ஆட்கள் முதல் இரண்டு நாளும் பார்த்தார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் மிச்சங்களை 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்தது இதே கடலில்தான். 1962இல் கிளார்க்குக்குப் போலியோ. கடைசிக் காலம் சக்கர நாற்காலியில். ஆனாலும் மனுசன் நீருக்குள் போவதைச் சுலபத்தில் விடவில்லை. ஏன் என்று எனக்கு அந்த வைகாசியில் விளங்கியது. தண்ணீருக்குள் நொண்டி என்று ஒருத்தி இல்லை.

கரையேறினால் மறுபடி நொண்டிதான்.

ஆஸ்பத்திரி தந்த தாளில் நடப்பதற்கு, சைக்கிளுக்கு, ஓட்டத்துக்கு எல்லாம் கிழமை போட்டிருந்தது. சப்பாணி கட்டி இருப்பதற்குப் போடவில்லை. செத்தவீட்டில் எல்லாரும் பாயில் இருக்க, நான் கதிரையில் உயர்ந்து இருந்தேன்.

புரட்டாதி அளவில், சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கைப் பெண்கள் வென்றார்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்தங்குலம், வளையத்தடியில் நின்று பந்தைப் பறித்துப் போடுகிறா. நான் கைப்பேசியில் பார்த்தது பந்தை இல்லை. இறங்குகிற கால்களை. ஒவ்வொரு கால் இறங்கும்போதும் என் கை முழங்காலைப் பிடித்தது. அப்போது சத்திரசிகிச்சை முடிந்து ஏழாம் மாதம். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்குப் போகாதே என்று ஃபிசியோ மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. ஒன்பதாம் மாதம்வரை பொறுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்திருந்தது.

பொறுத்தேன். விறாந்தையில் சோக்கால் கோடு போட்டு ஒற்றைக் காலில் பாய்ந்து, இரண்டு காலுக்கும் தூரம் அளந்தேன். வலது இடதின் தொண்ணூறு வீதத்தைத் தொட்டபோது மார்கழி மழை. தளம் ஈரம். ஆட முடியவில்லை. அதில் எனக்கு வந்த ஆறுதலை அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது கோல் கீப்பராக நிற்கிறேன். ஓட்டம் குறைவு. பந்துக்கு எழும்பி இறங்கும் அந்த நொடியில் காது இன்னும் கூர்மையாகிறது, டப் என்று கேட்குமோ என்று.

போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோட்டைக்குள்ளால் மேலே போனோம். மான்கள் நிழலில் படுத்திருந்தன. அம்மாவுக்கும் இப்போது முழங்கால் தேய்மானம், வலதுதான். முதல் படியில் என் தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றா. சுற்றிப் பார்த்தா. பிறகு இடது காலைத் தூக்கி வைத்தா. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.