கண்ணாடிக்கு ஒரு பங்கு, சாக்கடைக்கு ஒரு பங்கு

சுத்த நீரால் ஜன்னல் கழுவும் தொழில் வளரும்போது எந்திரம் மட்டும் பெரிதானால் போதாது

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம். வெளிவட்டச் சாலை, ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே திரும்பினாலும் வெயிலில் மின்னும் சுவர்கள். அவை மின்ன வேண்டுமானால் யாராவது கழுவியாக வேண்டும். கழுவத் தண்ணீர் வேண்டும். அதுவும் மனிதர்கள் குடிக்கும் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர்.

பழைய முறை எல்லோரும் அண்ணாந்து பார்த்ததுதான். மொட்டைமாடியிலிருந்து தொங்கும் கயிறு, இடுப்பில் வார், பக்கத்தில் வாளி, கையில் வைப்பர். புதிய முறையில் ஆள் தரையிலேயே நிற்கிறார். கையில் கார்பன் ஃபைபரால் ஆன நீளமான கம்பம், அதன் நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள் தண்ணீர்க் குழாய். தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிடுகிறார். சோப்பு இல்லை, துடைக்கும் துணியும் இல்லை. கண்ணாடி தானாகக் காய்கிறது, ஒரு புள்ளிகூட விழாமல். பிரிட்டனில் வேரூன்றிய முறை இது. உயரத்தில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை ஏறாமலே முடிக்க வேண்டும் என்று 2005ல் அங்கே வந்த விதிகள் அதற்குத் தோள் கொடுத்தன. ஐந்து, ஆறு மாடி வரை கம்பம் எட்டும். அதற்கு மேல் இன்னமும் கயிறும் தொட்டிலும்தான்.

இதன் ரகசியமெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. சாதாரணத் தண்ணீர் காயும்போது அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கண்ணாடியிலேயே தங்கி வெள்ளைப் புள்ளிகளாகின்றன. கரைந்த உப்பின் அளவுதான் டி.டி.எஸ். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நாக்கு ஒப்புக்கொள்கிறது, கண்ணாடி ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பத்துக்குக் கீழே வேண்டும். பூஜ்யம் என்றால் இன்னும் நல்லது.

இந்தத் தொழிலில் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பம், இரண்டு ஆட்கள், ஒரு குட்டி யானை வண்டி. பில்டருக்குப் பதில் ரெசின் என்ற மணிகள் அடைத்த ஒரு சிலிண்டர். தண்ணீர் அதன் வழியே போனால் உப்பை மணிகள் பிடித்துக்கொள்கின்றன. கழிவு நீரே கிடையாது, மின்சாரமும் வேண்டாம். மாதம் நாலைந்து பங்களாக்கள் என்றால் இதுவே போதும்.

பிறகு ஒரு அலுவலகத்தின் ஒப்பந்தம் வருகிறது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தாரும் கூப்பிடுகிறார்கள். கம்பங்கள் மூன்றாகின்றன. இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒரு கம்பம் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கிறது. நாளில் ஐந்து மணி நேரம் தண்ணீர் ஓடினால் 450 லிட்டர். மூன்று கம்பத்துக்கு 1,350 லிட்டர். போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். 500 என்றால் 25 லிட்டர் ரெசின் ஆயிரத்துச் சொச்சம் லிட்டருக்குத்தான் தாக்குப்பிடிக்கும். அதாவது ஒரு நாளுக்குக்கூட வராது. தொழில் வளர்ந்த சந்தோஷம் ரெசின் கடைக்காரருக்குப் போய்விடுகிறது.

ஆகவே அடுத்த படி ஆர்.ஓ. எந்திரம். வீட்டுச் சமையலறையில் இருப்பது அல்ல. அது மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டரோடு மூச்சு வாங்கும். இது மணிக்கு 250 லிட்டர் தருவது. நான்கு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் உள்ள ஒரு சவ்வுக் குழாய் அதன் இதயம். முன்னால் வண்டலுக்கு ஒரு வடிகட்டி, குளோரினுக்கு ஒரு கரி வடிகட்டி. குளோரின் பட்டால் சவ்வு பொத்தலாகிவிடும். இரவில் ஆறு மணி நேரம் ஓடவிட்டால் காலையில் 1,500 லிட்டர் தயார். ஆர்.ஓ. 500ஐ 20 ஆக்கிக் கொடுத்தால், மிச்சத்தை எடுக்கும் ரெசின் ஏறக்குறைய 25 மடங்கு காலம் உழைக்கும்.

அனுபவசாலிகள் கணக்கை இத்தோடு முடிப்பதில்லை. சவ்வின் திறன் 25 டிகிரி வெப்பத்துக்கு எழுதப்பட்டது. ஒரு டிகிரி குறைந்தால் உற்பத்தி சுமார் 3 சதவீதம் குறையும், எனவே மார்கழிக் குளிருக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். எந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதும் வரும் முதல் சில நிமிடத் தண்ணீரில் உப்பு அதிகம், அதைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. ரெசின் களைக்கத் தொடங்கும்போது முதலில் நழுவுவது சிலிகா. டி.டி.எஸ். மீட்டரின் கண்ணில் அது படாது. மீட்டர் பூஜ்யம் காட்டும், கண்ணாடியில் புள்ளி விழும். தண்ணீருக்கு எடையும் உண்டு. ஆயிரம் லிட்டர் ஒரு டன், குட்டி யானையோ முக்கால் டன் வண்டி. நடுவே தடுப்பு இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீரோடு திருப்பத்தில் பிரேக் போட்டால் தண்ணீர்தான் வண்டியை ஓட்டும்.

இத்தனையும் முதல் குழாயின் கதை. ஆர்.ஓ.வுக்கு இரண்டாவது குழாய் ஒன்று உண்டு. உள்ளே போகும் தண்ணீரில் பாதி சுத்த நீராக வெளியே வந்தால், மறுபாதி இரட்டிப்பு உப்போடு அந்தக் குழாயில் வெளியேறுகிறது. சின்ன எந்திரங்களில் பாதிக்கு மேலேயே வீண். 1,350 லிட்டர் வேண்டுமானால் தினம் 2,700 லிட்டர் உள்ளே போக வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டாவது குழாயின் முனை சாக்கடையில் இருக்கிறது.

இந்தச் சவ்வின் வரலாற்றை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கை. 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோயபுடன் சேர்ந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் எஸ். சௌரிராஜன் என்ற இந்திய விஞ்ஞானி. 1965ல் கோலிங்கா என்ற சிற்றூருக்கு அது குடிநீர் கொடுத்தது. உவர்நீரைக் குடிநீராக்கப் பிறந்த சாதனம் இன்று குடிநீரை ஜன்னல் நீராக்குகிறது.

இந்த நகரத்துக்குக் காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது, வண்டி கழுவவும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. 12,000 லிட்டர் டாங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலையைக் கட்டிப்போட்டது. லிட்டர் எட்டுப் பைசா. அந்த விலையைப் பார்த்தால் வீணாவது பெரிய நஷ்டமாகத் தெரியாது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வழி பிறந்தது. ஆனாலும் அடுத்த கோடை வராமல் போகாது.

அதற்காகக் கம்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாளிக்குத் திரும்பச் சொல்ல முடியுமா? வாளியோடு கயிற்றில் ஏற ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு வீட்டில் காத்திருப்பவர்கள் உண்டு. கம்பத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிக்குப் பக்கத்தில் அதை நீட்டக் கூடாது. ஆனாலும் அவரது கால் தரையில் இருக்கிறது. சுத்த நீர் சம்பாதித்துத் தரும் பெரிய லாபம் அதுதான்.

எனவே மாற்ற வேண்டியது இரண்டாவது குழாயை. முதல் சவ்வின் கழிவை இரண்டாவது சவ்வுக்குள் அனுப்பினால், அளவாக மருந்து சேர்த்து உப்புப் படியாமல் பார்த்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்கு நீரை மீட்கலாம். 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆர்.ஓ. கருவிகள் 60 சதவீதத்துக்கு மேல் மீட்க வேண்டும் என்றது நடக்காத காரியத்தை அல்ல. மிஞ்சும் உப்பு நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. போர்வெல்லுக்குள் திருப்பிவிடுவது பாவம். நாளை அதே உப்பு மோட்டாரில் ஏறி வரும்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி தலைக்கு மேலே இருக்கிறது. மழை நீரில் உப்பு மிகக் குறைவு. முதல் மழையின் தூசியைக் கழித்துவிட்டுச் சேமித்தால் ஆர்.ஓ. இல்லாமலே, ஒரு சொட்டுக் கழிவும் இல்லாமல், ரெசின் ஒன்றே அதைப் பூஜ்யமாக்கும். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி ஷெட் கூரையில் எழுபதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் தேறும். மூன்று கம்பங்களுக்கு ஐம்பது நாள் வேலை. அத்தனையையும் ஒரே சமயத்தில் பிடித்துவைக்கத் தொட்டி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் இங்கே மழை மே முதல் அக்டோபர் வரை தவணை முறையில் பெய்கிறது. தொட்டி நிறையும், காலியாகும், மறுபடி நிறையும்.

தொழில் வளர்ந்ததா என்று கேட்டால் முதலாளிகள் முதல் குழாயின் மீட்டரைக் காட்டுகிறார்கள். இரண்டாவது குழாயில் மீட்டர் இல்லை. ஒன்றைப் பொருத்த அதிகம் செலவாகாது. தினமும் காலையில் அந்த எண்ணையும் நோட்டில் எழுதிவைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.